ஒரே நிறுவனத்தின் கேமராவையே தொடர வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் கேமராவைப் பயன்படுத்துகிறேன். அதிலேயே தொடர்வது நல்லதா?

பதில்: நம்மைக் கட்டிப்போடுவது கேமராவின் நெற்றியில் உள்ள பெயரன்று, லென்ஸைப் பூட்டும் மவுண்ட்தான். கேனான் 1987இல் எஃப்டி மவுண்ட்டை விட்டு இஎஃப்புக்கு மாறியபோது, அந்நிறுவனத்தை விட்டு விலகாதவர்களும் லென்ஸ்களைப் புதிதாக வாங்க நேர்ந்தது. மாறாக, கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழில் 2006இல் சோனியின் கைக்குப் போனபோது பெயர்தான் மாறியது. தானே குவியும் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் சோனியின் அன்றைய ஆல்ஃபா கேமராக்களில் அப்படியே பொருந்தின. ஆகவே முதலில் உங்களிடமுள்ள லென்ஸ்களையும் ஃபிளாஷ்களையும் எழுதிப் பாருங்கள். இரண்டு லென்ஸ் மட்டும் இருந்தால் மாறுவது எளிது. எட்டு இருந்தால், புதிய பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) தரும் நன்மை அவ்வளவு செலவுக்கு ஈடாகுமா என்று கணக்கிடுங்கள். எப்படியானாலும், பழையதை விற்பதற்கு முன் புதியதை வாடகைக்கு எடுத்து ஒரு முழு நாள் வேலை செய்யுங்கள்.

கேள்வி: லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் அடாப்டர் இருந்தால் எந்த லென்ஸையும் எந்தக் கேமராவிலும் போடலாம் அல்லவா?

பதில்: போட முடியாது. மவுண்ட்டின் முகப்புக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் உள்ள தூரம் நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., 2018இல் வந்த இசட் மவுண்ட்டில் 16 மி.மீ. இடையிலுள்ள 30.5 மி.மீ. தூரத்தை அடாப்டர் நிரப்புவதால் பழைய லென்ஸ் புதிய கேமராவில் சரியாகக் குவியும். இதைத் திருப்பிச் செய்ய நினைத்தால், லென்ஸ் தேவைக்கு மேல் விலகி நிற்பதால் தொலைவில் உள்ளவை தெளியாது. பொருந்துகிற லென்ஸ்களிலும், கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரை நம்பிய ஏஎஃப்-டி வகைகளுக்கு நிக்கானின் சொந்த எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. கையால்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி: தோலின் நிறத்தை ஒரு நிறுவனம் மட்டுமே அழகாகத் தருகிறது. அதை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்களா?

பதில்: நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கேமரா தானே உருவாக்கும் ஜேபெக் படத்தின் நிறம். சென்சார் பதிந்ததைப் பிறகு திருத்துவதற்காக அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்தால், நிறத்தின் பெரும்பகுதியை வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண் சமநிலையும், பதிந்ததை நிறங்களாக மாற்ற மென்பொருள் பயன்படுத்தும் நிற விவரக்குறிப்பும் தீர்மானிக்கின்றன.

மறுப்பு: இருபது ஆண்டுகளாக முகங்களை எடுப்பவனுக்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதா?

பதில்: தெரியும், உங்கள் கண்ணை நான் ஐயப்படவில்லை. சென்சாருக்கு மேலுள்ள நிற வடிகட்டிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதும் உண்மையே. ஆனால் ஒரே சன்னலோரத்தில் ஒருவரை உட்கார வைத்து, பல நிறக் கட்டங்கள் கொண்ட நிற அட்டையை அவர் கன்னத்தருகே பிடித்து, இரண்டு கேமராக்களிலும் எடுத்து, அந்த அட்டையைக் கொண்டே இரண்டுக்கும் விவரக்குறிப்பு உருவாக்கிப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது கன்னத்தின் நிறம் மிக நெருங்கி வந்துவிட்டது. காதோர நிழலில் மட்டும் சிறு சிவப்பு மிஞ்சியது. படம் எடுத்த உடனே ஜேபெக்காகக் கொடுத்துவிடும் தொழில் உங்களுடையது என்றால் உங்கள் தேர்வு சரியானது, மாற வேண்டாம். ரா கோப்பைத் திருத்திக் கொடுப்பவர் இதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை.

கேள்வி: என் ஃபிளாஷ் வேறு நிறுவனக் கேமராவில் வேலை செய்யுமா?

பதில்: பெரும்பாலும் மின்னும், லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் அளவைத் தானே முடிவு செய்யும் டிடிஎல் வேலை செய்யாது. மிகப் பழைய ஃபிளாஷ் என்றால் அதன் மின்னழுத்தத்தை அளக்காமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த நிறுவனம் சிறந்தது?

பதில்: உங்களுக்குத் தேவைப்படும் மூன்று லென்ஸ்கள் எந்த மவுண்ட்டில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கின்றனவோ, அது.

கேள்வி: நான்கு லென்ஸ் வைத்திருக்கிறேன். மாறலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வாடகைக்கு எடுத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: டிரோன் வாங்கும்போதும் இதே கணக்குதானா?

பதில்: அது என் துறையன்று, டிரோன் இயக்குபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனக் கேமராக்களையும் ஒரே நாளில் பயன்படுத்தலாமா?

பதில்: நிதானமான வேலைக்குத் தாராளமாக. நான் ஓட்டப் பந்தயம் ஒன்றை அவ்வாறு எடுத்தேன். இரண்டு ஜூம் வளையங்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. ஓட்டக்காரர் எல்லைக்கோட்டில் மார்பை முன்னே தள்ளிய நொடியில், பழகிய கை பழைய பக்கமே திருப்பியது. முழு உருவத்துக்கு விரிய வேண்டிய சட்டகத்தில் தோளும் கழுத்தும் மட்டுமே பதிந்தன. அதன் பிறகு, விரைந்து நிகழ்பவற்றுக்கு ஒரே மவுண்ட்டில் இரண்டு பாடிகளையே எடுத்துச் செல்கிறேன்.