விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போட முடியுமா? கடையில் ஃபார்மட் செய்தே ஆக வேண்டும் என்கிறார்களே?

முடியும். ஃபார்மட் தேவையே இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் விண்டோஸ் மென்பொருள்) இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. 2001இல் வந்த பதிப்பை இன்னுமா வைத்திருக்கிறாய் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பழைய எழுத்துருவில் அடித்த பத்திரிகைகள் அத்தனையும் அதில்தான் கிடக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றச் சொல்பவர்கள் வந்து மாற்றித் தரட்டும். ஆக விண்டோஸ் இருந்தே தீர வேண்டும். என் மெஷினோ ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அதிலேயே பேங்க், ஜிஎஸ்டி வேலைகளைப் பார்க்க மனம் வரவில்லை. அதற்காகத்தான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்).

வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடையில், "ரெண்டு ஓஎஸ் போட்டா சிஸ்டம் தாங்காதுண்ணே, ஃபார்மட் அடிச்சுத்தான் போடணும்" என்றார்கள். தாங்காதா? 2011 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். என் அக்கா மகனுடையதை ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்துக் காசு பார்த்தவர்கள்தான் இன்று தாங்காது என்கிறார்கள்.

நானே உட்கார்ந்தேன். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைக் குறைக்கப் போனால், பாதிக்கு மேல் காலியாக இருந்தும் பத்துப் பன்னிரண்டு ஜிபிக்கு மேல் விட மாட்டேன் என்றது. நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷன் (உறங்கவைக்கும் வசதி), பேஜிங் ஃபைல் (ரேமுக்குத் துணையான ஃபைல்), சிஸ்டம் ரெஸ்டோர் (பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தேன், தாராளமாக இடம் கொடுத்தது. ஹைபர்னேஷனை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் (சீக்கிரம் ஆன் ஆகும் வசதி) சேர்ந்து போய்விடும். அது நல்லதே. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்கலாமே தவிர எழுத முடியாமல் போகும். பிரித்த இடம் மேலே கறுப்புப் பட்டையோடு தெரியும். அதை அப்படியே விடுங்கள், புது டிரைவ் உருவாக்க வேண்டாம். (பேஜிங் ஃபைலைப் பிறகு திரும்ப ஆன் செய்துகொள்ளுங்கள்.)

லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவிலிருந்து பூட் செய்து நிறுவும்போது ஒரு திரையில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து பாருங்கள். விண்டோஸோடு சேர்த்து நிறுவு, டிஸ்க்கை அழித்து நிறுவு என்று இரண்டு வரி அடுத்தடுத்து இருக்கும். உங்கள் ஃபைல்கள் போவதென்றால் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியில்தான் போகும். பேக்கப் எடுக்கச் சொல்லவில்லையே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எடுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் மதியம் ஒன்று காட்டுகிறது. அதே கடையில் கேட்டேன். மதர்போர்டு பேட்டரி போயிருக்கும், சிஸ்டத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பேட்டரியில் ஒன்றும் இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை (யுடிசி, நம் நேரத்துக்குப் பின்னால் இருக்கும்) எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. அதுதான் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். மதர்போர்டில் உள்ளூர் நேரத்தையே வை என்று லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) ஒரு வரி கொடுத்தேன், தீர்ந்தது.

எனக்கு நேரம் முக்கியம். வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் ப்ரூஃப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஐந்நூறு பத்திரிகை அச்சானதும் தாய்மாமன் பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டது, நீதான் பிறகு மாற்றினாய் என்று வருவார்கள். ஃபைலைக் கடைசியாக எப்போது சேவ் செய்தேன் என்று காட்டித்தான் என் பேப்பர் காசையாவது மீட்க வேண்டியிருக்கிறது. மாமன் கோபம் அவர்கள் வீட்டு விவகாரம், அதற்கு அச்சகக்காரன் என்ன செய்வான்?

உங்களுடையது புது லேப்டாப் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை அணைத்து, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (மதர்போர்டு அமைப்புத் திரை) இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் அமைப்பு ஆனில் இருக்கும். சும்மா மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாது. அடுத்த முறை சேஃப் மோடில் (அத்தியாவசிய வசதிகள் மட்டும்) ஏறும்படி விண்டோஸை அமைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மாடல் பெயரைக் கீழே போடுங்கள், அதற்கு எப்படி என்று சொல்கிறேன்.