தோட்டக் குளத்தில் ஸ்டர்ஜன்: கேள்வி பதில்

ஸ்டர்ஜன் என்னும், தரையோரம் மேயும் பெரிய மீனைப் பற்றி பிரிட்டனில் வீட்டுக் குளம் வைத்திருப்போர் கேட்டவை.

கடையில் விரல் நீள ஸ்டர்ஜன் குஞ்சு பார்த்தேன். 1,500 லிட்டர் குளத்தில் விடலாமா?

வேண்டாம். முதலில் எந்த இனம் என்று கேளுங்கள். குளத்துக்கென விற்கப்படும் ஸ்டர்ஜன்களில் சிறியது ஸ்டெர்லெட். டான்யூப், வோல்கா ஆறுகளின் மீன். அதுவே ஒரு மீட்டர் வரை வளரும். சைபீரிய ஸ்டர்ஜன் இரண்டு மீட்டரைத் தொடும். ஓயாமல் நீந்தும் மீனுக்கு நீள அகலமான, மூலைமுடுக்கு இல்லாத குளம் வேண்டும்.

கோய்களோடு (வண்ண அலங்காரக் கெண்டை மீன்கள்) இருக்கும் ஸ்டெர்லெட் இளைத்துக்கொண்டே போகிறது.

பட்டினிதான். வாய் அடிப்பக்கம் இருப்பதால் மீசையால் தரையைத் தடவித்தான் மேயும். மிதக்கும் தீவனம் அதற்குப் பயனில்லை. மூழ்குவதையும் கோய்கள் வழியிலேயே தின்றுவிடும். இருட்டியதும் ஒரு பிளாஸ்டிக் குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே மீன்மாவும் மீனெண்ணெயும் மிகுந்த, மூழ்கும் குருணையைப் போடுங்கள்.

10 டிகிரிக்குக் கீழே தீவனம் கூடாது என்பார்களே?

அது கோய்க்குச் சொன்னது. கோய்க்கு இரைப்பையே கிடையாது. குளிரில் செரிமானமும் மந்தமாகிவிடும். ஸ்டர்ஜனுக்கு இரைப்பை உண்டு, குளிர்நீரிலும் மேயும். குளிர்காலம் முழுக்கப் பட்டினி போட்டால் வசந்தத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும்.

மிச்சம் அழுகி அம்மோனியா ஏறுமே? குளிரில் அதைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தம்தானே?

சரியான கேள்வி. அதனால் கொஞ்சமாகவே போடுங்கள். காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, அன்றிரவு இன்னும் குறையுங்கள்.

அதையும் கோய் தின்றால்?

அப்படியானால் இரண்டுக்கும் ஒரே குளம் சரிவராது. கோயைக் காப்பாற்ற ஸ்டர்ஜனைப் பட்டினி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கொஞ்சம் நூல்பாசி இருக்கலாமா?

கூடாது. அதில் சிக்கினால் பின்னோக்கி நீந்தி மீள்வது ஸ்டர்ஜனுக்கு மிகக் கடினம். வாராவாரம் வாரி எடுங்கள்.

இரவில் காற்று பம்பை அணைக்கலாமா?

கோடையில் ஒருபோதும் கூடாது. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் எட்டுதான். இரவில் அதையும் பாசி பங்குபோடும். அப்புறம், நூல்பாசியை எடுத்தீர்களா?

உடம்பில் சிவப்புப் புள்ளிகள். என்ன மருந்து?

மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கோய் மருந்தை அப்படியே ஊற்றாதீர்கள்.

1,000 லிட்டரில் ஒரே ஒரு குஞ்சு?

முதல் பதிலைப் படியுங்கள்.

800 லிட்டர், வட்டத் தொட்டி?

மேலே சொன்னதேதான். வேண்டாம்.

பெரிதாகிவிட்டது. ஆற்றில் விடலாமா?

கூடவே கூடாது. அயல் இன உயிர்களை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெரிய குளம் உள்ளவர்களையோ மீன் பண்ணைகளையோ கேளுங்கள். இடம் கிடைக்கும்வரை குழாய்வழித் தீவனத்தை நிறுத்தாதீர்கள்.