ஐயாவோட ரெண்டு பேனா

அண்ணே வணக்கம். தேவகோட்டைல எங்க பழைய வீட்டு இரும்புப் பெட்டியத் தொறந்தப்ப ஐயா பினாங்குல இருந்து கொண்டாந்த ரெண்டு பேனா கெடச்சுச்சு. ஒண்ணு பார்க்கர் 51, தங்க மூடி, பாரல்ல, அதான் மை நிக்கிற உடம்புல, எங்க விலாசம், அதாவது குடும்ப இனிஷியல், வெட்டியிருக்கு. இன்னொண்ணுல பார்க்கர் வேக்குமாட்டிக்னு போட்டிருக்கு, வரி வரியா மங்கிப்போயி இருக்கு, எழுதல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு கடைல தங்க மூடிக்கு மட்டும் வெல சொல்லிட்டு மத்தத சும்மா குடுங்கன்னாங்க. நெட்ல பாத்தா ஒரே பேனாவுக்கு ஆயிரமும் போட்டிருக்கான், லட்சமும் போட்டிருக்கான். எத வச்சுண்ணே வெல? பாலிஷ் போட்டா கூடக் கெடைக்குமா?

வாசகர், தேவகோட்டை

தம்பி, பாலிஷ் போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பழசுங்கிறதுக்காக மட்டும் யாரும் பெருசா காசு குடுக்குறதில்ல. 51 பேனா 1941ல கடைக்கு வந்து அடுத்த முப்பது வருசம் லட்சலட்சமா வித்தது, கடல் தாண்டி வியாபாரத்துக்குக் கொண்டுவிக்கப் போன நம்மாளுக நெறையப் பேரு ஊருக்குக் கொண்டாந்ததும் அதுதான். அருமையா எழுதும், நிப்பு உள்ள மறஞ்சிருக்கறதால மையும் சீக்கிரம் காயாது, ஆனா எங்க பாத்தாலும் கெடைக்குற பேனாவுக்கு எவன் அள்ளிக் குடுப்பான்? அபூர்வமான கலரா இருந்தாத்தான் வெல ஏறும். தங்க மூடிங்கறது பெரும்பாலும் ரோல்டு கோல்டு, மேல மட்டும் மெல்லிசாத் தங்கத் தகடு, முழுத்தங்கம்னா கேரட் முத்திரை இருக்கும், பாருங்க. அப்புறம் விலாசம். நாம கரண்டி, தூக்குச்சட்டி வரைக்கும் வெட்டி வச்சவங்க, ஆனா பழைய பேனா சேக்குறவனுக்கு அது புடிக்காது, பேர் வெட்டுனாலே வெலயக் கொறச்சுருவான், ஊரறிஞ்ச ஆளோட பேனாவா இருந்தா மட்டும் கத வேற.

எனக்கு ஆசையெல்லாம் அவங்க சும்மா கேட்டாங்களே, அந்த வரிப் பேனா மேலதான். வேக்குமாட்டிக் 1933ல வந்தது, அம்பு மாதிரி கிளிப்பும் அதோடதான் வந்துச்சு. செல்லுலாய்டுங்கிற பழங்கால பிளாஸ்டிக்குல கலரா ஒரு வரி, கண்ணாடி மாதிரி ஒரு வரின்னு மாத்தி மாத்தி ஒட்டிச் செஞ்ச பாரல், உள்ள மை எவ்வளவு இருக்குன்னு வெளிய தெரியணும்னு. பல வருசம் மை நின்னு அந்தக் கண்ணாடி வரியெல்லாம் பழுப்பாயிரும், அதனாலதான் வெளிச்சத்துல புடிச்சா இன்னும் தெளிவா தெரியற பேனாவுக்கு ஆளுக அடிச்சுக்கிறாங்க, சைஸ் பெருசா இருந்தா இன்னும் மேல. எழுதலங்கறதப் பத்திக் கவலப்படாதீங்க, உள்ள மைய இழுக்குற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம்னு பேரு, அது காஞ்சிருக்கும், மாத்திக்கலாம். மாத்த முடியாதது பாரல் மேல பொடியா அமுக்குன எழுத்து. அதுல இருக்குற நம்பர வச்சுத்தான் எந்த வருசம்னு சொல்லுவாங்க, பாலிஷ் மொதல்ல திங்கறது அந்த எழுத்தத்தான். சரஸ்வதி பூசைக்கு வச்ச சந்தனம் குங்குமம் அதுல அடஞ்சிருக்கும், லேசா ஈரத்துணியால தொடைங்க போதும், புளி போட்டுக் குத்துவிளக்கத் தேய்க்கிற தேய்ப்பு வேண்டாம். சுடுதண்ணியும் வேண்டாம், செல்லுலாய்டு சூட்டுல வளையும், நெருப்புப் பட்டா குப்புனு புடிச்சிக்கும்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. டியோஃபோல்டுன்னு பார்க்கரோட இன்னொரு மாடல், அதுல 1927ல மஞ்சக் கலர் ஒண்ணு விட்டாங்க, மாண்டரின்னு பேரு. சரியா விக்கல, விரிசலும் விட்டுச்சு, கொஞ்சம்தான் மிஞ்சிருக்கு, இன்னிக்கு அதுக்கு வெல எகிறுது, அதே சைஸ்ல சிவப்பு வாங்கறத விட ரொம்பக் கூட.

நெட்ல நீங்க பாத்த லட்சம் விக்கறவன் கேக்குற வெல, வித்த வெலயத் தனியா தேடிப் பாருங்க. எதையும் குடுக்கறதுக்கு முன்ன நிப்போட முனைய லென்ஸ் வச்சுப் பாருங்க, நுனில இருக்குற கெட்டி உலோக மணி தேஞ்சோ ஒடஞ்சோ போயிருந்தா வெல பாதியாக்கூட எறங்கும். நிப்பு அந்தப் பேனாவோட சொந்த நிப்புதானான்னும் பாக்கணும், வேக்குமாட்டிக்ல பெரும்பாலும் அம்பு செதுக்கியிருக்கும். ரெண்டையும் போட்டோ புடிச்சு அனுப்புங்க, வரிப் பேனாவ மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சு எடுங்க, பிளாஷ் வேண்டாம்.