கட்டடத்தில் தொடங்காதீர்கள், பட்டறையில் தொடங்குங்கள்

கேள்வி: நான் ஒரு சின்ன நகராட்சியில் வார்டு உறுப்பினர். ஊரில் ஐம்பதாயிரம் பேர் இருக்கிறோம். எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகள் இப்போது அறுபதுக்குப் பக்கம். முன்பு இதைப்போல இரண்டு மடங்கு இருந்தன. பையன்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். தொழில் வளர நகராட்சி ஏதாவது செய்யலாமே என்று மன்றத்தில் பேசினால், "அது நம்ம வேலை இல்லை" என்கிறார்கள். உண்மையிலேயே இல்லையா? யாரைப் போய்ப் பார்ப்பது?

பதில்: மன்றத்தில் சொன்னது பாதி சரி. நகராட்சியால் தொழில் கடன் கொடுக்க முடியாது, மெஷின் வாங்கி ஓட்டவும் தெரியாது. ஆனால் ஒரு பட்டறைக்காரரைத் தினமும் இடிக்கிற விஷயங்களை எண்ணிப் பாருங்கள்: லாரி திரும்ப இடமில்லாத தெரு, சாக்கடை, தண்ணீர், தொழில் உரிமம், சொத்து வரி. எல்லாமே உங்கள் அலுவலகத்துச் சமாசாரம். பணமும் திட்டமும் வேறு கைகளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நீங்கள் கேட்கிற வேலை.

முதலில் பார்க்க வேண்டியது மாவட்டத் தொழில் மையத்தை. 1978 முதல் இருக்கிற அலுவலகம் அது. பொது மேலாளரைப் பாருங்கள். தொழிலுக்கு வேண்டிய அனுமதிகளை ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்க, கலெக்டர் தலைமையில் நடக்கிற ஒற்றைச் சாளரக் குழுவுக்குக் கோப்புகளைக் கொண்டுபோகிறவர் அவர்தான். புதிதாகப் பட்டறை தொடங்குகிறவருக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ரூ.50 லட்சம் வரையிலான உற்பத்தித் தொழிலுக்கு வங்கிக் கடனும் மானியமும் வாங்கித் தர வழி சொல்வதும் அந்த அலுவலகம்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் மானியம் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 25-ம் 35-ம். நகராட்சி எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஷெட் போட்டால் பத்து சதவீதம் கூடுதல்! பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு உங்கள் ஊரிலும் இருந்தால், பட்டறைக்காரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

அடுத்தது பொது வசதி மையம். தனித்தனியாக வாங்க முடியாத மெஷினைப் பல பட்டறைகள் சேர்ந்து ஓர் இடத்தில் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும வளர்ச்சித் திட்டத்தில் இதற்கு, திட்டச் செலவைப் பொறுத்து, பெரும்பாலான ஊர்களில் 60 முதல் 70 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் குறைந்தது 20 தொழில்கூடங்கள் சேர்ந்து தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் பதிவு செய்ய வேண்டும், தங்கள் பங்குப் பணத்தையும் போட வேண்டும். இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் சறுக்குகின்றன.

நான் போய்ப் பார்த்த ஓர் ஊரில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. கட்டடம் எழும்பியது, மெஷின் இறங்கியது, ரிப்பன் வெட்டினார்கள். ஒரு வருஷம் கழித்துப் போனால் மெஷின் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. விசாரித்தால், பட்டறைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது பாலிஷ் பிடிக்க ஒரு நல்ல இடம். வந்து இறங்கியது பெரிய பிரஸ். அது இழுக்கிற கரண்டுக்கு அந்தத் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காது. இருபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்தான், ஆனால் அதில் பதினைந்து பேர் ஒரே முதலாளியின் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

அதனால் திட்டத்தை முதலில் தேடாதீர்கள். அறுபது பட்டறைக்கும் நடந்து போய், "உங்களுக்கு எங்கே பணம் வீணாகிறது?" என்று மட்டும் கேளுங்கள். ஷீட் வாங்கும் விலையா, பாலிஷுக்கு வெளியூர் அனுப்பும் வண்டிக் கூலியா, சரக்கு வாங்கினவர்கள் மூன்று மாதம் இழுக்கிற பாக்கியா? பதில் ஒரே திசையில் வந்தால் மட்டும் அடுத்த படி. பாக்கிதான் பிரச்சினை என்றால் எந்தப் பொது மெஷினும் உதவாது.

திருப்பூரை இதற்காகத்தான் உதாரணம் சொல்வேன். 2008-ல்தான் அது மாநகராட்சி ஆனது. அதற்கு முன் நகராட்சி. சாயப்பட்டறைகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கி மாளவில்லை. ஏற்றுமதியாளர் சங்கத்துக்குத் தேவை என்னவென்று சந்தேகமே இல்லை: தண்ணீர். மாநில அரசு, ஒரு நிதி நிறுவனம், அந்தச் சங்கம் மூன்றும் சேர்ந்து 1990-களின் நடுவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆலைகள் கூடுதல் விலை கொடுக்கும், அதனால் ஊருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மலிவாகக் கொடுக்கலாம் என்பது கணக்கு. தண்ணீர் வந்தது. ஆனால் சாயக்கழிவு வழக்கில் 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது, அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிப் போட்ட கணக்குக்கு உள்ள ஆபத்து அது. கழிவை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்க்காததன் விலையும்கூட. உங்கள் பாலிஷ் பட்டறைத் தூசிக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றையும் நகராட்சியே முன்னால் நின்று செய்ய வேண்டும் என்றும் இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது உற்பத்தியாளர்களின் சங்கம்.

பொது வசதி மையத்துக்கு நகராட்சி கட்டாயம் கொடுக்கக்கூடியது இடம். உங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலோ பழைய சந்தைப் பக்கமோ சும்மா கிடக்கிற நகராட்சி நிலம் இருந்தால் சர்வே எண்ணை எடுத்து வையுங்கள். நீண்டகாலக் குத்தகைக்கு மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, மேலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அதற்கே மாதங்கள் ஓடும் என்பதால், பட்டறைக்காரர்களின் நிறுவனம் பதிவாகும்போதே இந்தக் கோப்பையும் நகர்த்திவிடுங்கள்.

இன்னொன்றும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பாத்திரத்தைத் தள்ளுவண்டியில் விற்கிறவர்களும் அந்தத் தொழிலின் ஒரு நுனிதானே? 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று ஆணையரிடம் கேளுங்கள். கணக்கெடுப்பில் விடுபட்ட வியாபாரிக்கு, பிரதமரின் ஸ்வநிதி கடனுக்காக நகராட்சி பரிந்துரைக் கடிதம் கொடுக்க முடியும். ஒரு கடிதம்தான், செலவில்லை.

அப்புறம், முதல் கூட்டத்தை நகராட்சி அலுவலகத்தில் வைக்காதீர்கள். அங்கே வந்தால் வரி பாக்கியைக் கேட்பார்கள் என்று பாதிப் பேர் வரமாட்டார்கள். பட்டறைகளுக்கு எந்த நாள் லீவோ அந்த நாளில், யாராவது ஒருவர் பட்டறையிலேயே உட்காருங்கள். தொழில் மையத்துக்காரரையும் அங்கேயே கூப்பிடுங்கள், மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசட்டும்.