உப்புக் காற்றில் ஓடும் பழைய ஜீப்புக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

கேள்வி: என்னிடம் 1994-ஆம் ஆண்டு மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் கரை மணலில் இறங்கி மீன் பெட்டிகளை ஏற்றி வருகிறேன். பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி மூன்று நான்கு முறை ஆடி அடங்குகிறது. பின்பக்கமும் தாழ்ந்து நிற்கிறது. கடையில் கேஸ் நிரப்பிய, மிகக் கடினமான ஷாக் அப்சார்பரைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், சாயல்குடி

பதில்: தாங்கள் சொல்பவை இரண்டு வெவ்வேறு பழுதுகள். வண்டியின் பாரத்தைச் சுமப்பது கமான் பட்டை, அதாவது ஆக்சிலோடு சேர்த்துக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. அது துள்ளிய பிறகு தொடர்ந்து ஆடவிடாமல் அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே, பின்பக்கம் தாழ்ந்திருப்பதற்குக் கமானைக் கழற்றி, வளைவு குறைந்திருக்கிறதா, பட்டை ஏதேனும் முறிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளர்ந்த கமானுக்கு மேல் கடினமான ஷாக்கைப் போட்டால், வண்டி உயராது, இடுப்புதான் வலிக்கும்.

வாங்குமுன் அளவெடுப்பது அவசியம். வழக்கமான சுமையுடன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக்கின் மேல் கண்ணின் (போல்ட் மாட்டும் வளையம்) மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை அளக்க வேண்டும். அது 42 செ.மீ. என்றும், ஆக்சிலுக்கும் அதற்கு மேலுள்ள ரப்பர் கட்டைக்கும் இடைவெளி 7 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், முழுதும் அமுங்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ.தான் மிஞ்சும், எனவே புதிய ஷாக் மடங்கிய நிலையில் 33 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் ரப்பர் கட்டைக்கு முன்னரே ஷாக் முட்டி, கண் முறியும். அடுத்து, பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரம் தொங்கும் நிலையில் மறுபடி அளந்து, அதைவிட இரண்டு செ.மீ. கூடுதலாக நீளக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். கமானைச் சரிசெய்தால் உயரம் மாறும் என்பதால், அந்த வேலையை முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

கேஸ் வகை தவறல்ல. மேடுபள்ளத்தில் தொடர்ந்து ஓடும்போது ஷாக்கினுள் இருக்கும் எண்ணெய் சூடாகி நுரைத்து அடக்கும் திறனை இழக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. தங்கள் வண்டிக்குக் குறைந்த அழுத்தமுள்ள இரட்டைக் குழாய் (குழாய்க்குள் குழாய் உள்ள) கேஸ் ஷாக் போதும். ஒற்றைக் குழாய் வகை வெப்பத்தை நன்றாக வெளியேற்றும் என்றாலும், கல் பட்டு அதன் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மிகக் கடினமானது வேண்டாம். பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சக்கரம் தரையைப் பற்றாமல் தத்தும்.

நம் கரையில் ஷாக்கைக் கொல்வது பெரும்பாலும் பள்ளம் அல்ல, உப்பு. ஷாக்கின் பளபளக்கும் தண்டில் உப்பு அரித்துச் சிறு புள்ளிகள் விழுந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அவை எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைக் கிழிக்கும். கழற்றிய பழைய தண்டை நகத்தால் தடவிப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு தெரியும். கரையிலிருந்து திரும்பிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நம் ஊரில் அதற்கே பஞ்சம் என்பதை அறிவேன், இருந்தாலும் இரண்டு குடமாவது ஊற்றுங்கள்.

ஒரே ஆக்சிலின் இருபுற ஷாக்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும்.