வரைய வராத பெண்ணுக்கு அனிமேஷனில் என்ன வேலை?

சார், மகள் அனிமேஷன் புரொடியூசர் ஆக வேண்டும் என்கிறாள், அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் இரண்டு பயம் கலந்திருக்கிறது. மகளுக்குப் படம் வரைய வராது என்பது ஒன்று. கார்ட்டூனை நம்பிப் பெண் பிள்ளையை வெளியூர் அனுப்புவதா என்பது இன்னொன்று. முதல் பயத்தை இப்போதே விட்டுவிடலாம். அனிமேஷன் புரொடியூசர் வரைபவர் அல்ல. கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் மாதிரி கைக்காசு போடுபவரும் பெரும்பாலும் அல்ல. ஆள், நாள், பணம் மூன்றையும் கட்டி மேய்ப்பவர்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியும். பையர் சாம்பிளை ஓகே செய்யாமல் கட்டிங் போட மாட்டீர்கள். மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் வரை போன ஜோடியில் அந்த மேல்பாக டிசைனையே மாற்றச் சொன்னால்? இங்கேயும் அதே கதைதான். 11 நிமிட எபிசோடு ஒன்றுக்கு, வினாடிக்கு 24 பிரேம் கணக்கில், 15,840 பிரேம். ஒரு ஷாட் மூன்று நான்கு வினாடி என்றால் 200 ஷாட் பக்கம் வரும். ஒவ்வொன்றும் லேஅவுட் (காட்சியை அமைப்பது), அனிமேஷன் (அசைவு), லைட்டிங் (ஒளி), காம்பாசிட்டிங் (எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது) என்று கைமாறிப் போக வேண்டும். கதாபாத்திரத்தின் ஜடையை நீளமாக்கலாமே என்று கிளையன்ட், கதையைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு சமயத்தில் சொன்னால் சின்னத் திருத்தம். லைட்டிங் முடிந்தபின் சொன்னால் உருவத்தைச் செய்யும் மாடலிங், அதை அசைக்க உள்ளே எலும்புக்கூடு மாட்டும் ரிக்கிங் என்று அடியிலிருந்து வர வேண்டும். அதற்குக் கூடுதல் பணமா, கூடுதல் நாளா, இல்லை அடுத்த எபிசோடில் பார்த்துக்கொள்ளலாமா என்று பேசி முடிப்பதுதான் புரொடியூசர் வேலை.

எடுத்ததும் அந்த இடம் கிடைக்காது. கோஆர்டினேட்டராக நுழைந்து, புரொடக்‌ஷன் மேனேஜர், லைன் புரொடியூசர் என்று ஏற வேண்டும். கோஆர்டினேட்டர் காலையில் ஷீட்டைத் திறந்தால் "ஷாட் 27, ரீடேக், இடது கை மேஜைக்குள் போகிறது" என்றிருக்கும். அது யாரிடம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் வருமா, வராவிட்டால் லைட்டிங்கில் சும்மா இருப்பவருக்கு எந்த ஷாட்டைத் தள்ளுவது? இதையெல்லாம் ஆர்ட்டிஸ்ட் முகம் கோணாதபடி கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். பள்ளி ஆண்டு விழாவை உங்கள் மகள் நடத்திய விதத்தைச் சொன்னீர்களே, மார்க்கைவிட அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது பயம் நியாயமானது. ஆரம்பச் சம்பளத்தில் பெங்களூரு ஹாஸ்டல் வாடகை போக பெரிதாக மிஞ்சாது. டெலிவரி நெருங்கினால் வீடு திரும்ப இரவாகும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய அனிமேஷன், கிராஃபிக்ஸ் குழுமம் முடங்கியபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலை இழந்தார்கள். அதனால் எங்கேயும் செல்லுபடியாகும் டிகிரி ஒன்று கையில் இருக்கட்டும். காமர்ஸ் குரூப் பிள்ளைதானே, காட்பாடி ஆக்சிலியம் பெண்கள் கல்லூரியில் பி.காம் சேரலாம். பட்ஜெட் போட அது வீணாகாது. ஆசை நிலைத்தால் அப்புறம் கொல்கத்தா சத்யஜித் ரே திரைப்பட இன்ஸ்டிடியூட்டில் புரொடியூசிங்குக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. "100 சதவீதம் வேலை" என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடத்தில் மட்டும் அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டாதீர்கள். போன வருடம் படித்து முடித்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இந்த லீவில் ஒன்று செய்யட்டும். அனிமேஷன் செய்ய உதவும் பிளெண்டர் மென்பொருள் இலவசம். அதில் கை பழகிய தோழிகள் இருவரைச் சேர்த்து 30 வினாடிப் படம் எடுக்கட்டும். இவள் ஒரு பிரேமைக்கூடத் தொடக் கூடாது. ஷாட் பட்டியல், தேதி, யாருக்கு எது, அவ்வளவுதான். தேதி கண்டிப்பாகத் தள்ளிப்போகும். அப்போது கோபித்துக்கொண்டு விட்டுவிடுகிறாளா, பட்டியலைத் திருத்தி மறுபடி போன் போடுகிறாளா என்று பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலோடு அவளையும் அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.