ஏற்காடு இறங்கினதும் பின்வீல் கோட்டம்: எடது பக்கம் லூஸ் ஆகுதுன்னு கேட்ட நண்பருக்கு

நண்பா, வீட்லயே சைக்கிளுக்கு 36 கம்பி (ஸ்போக்) பின்வீல் கோத்து ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தா எடது பக்க கம்பி மட்டும் லூஸ், முதல்ல 'டிங் டிங்'னு சத்தம் வேறன்னு சொல்றீங்க. ரிம் மேல சந்தேகப்படாதீங்க. ஃப்ரீவீல் (செயின் ஓடற பல்சக்கரம்) வலது பக்கம் இருக்கறதால வலது கம்பி செங்குத்தா நின்னு அதிக டென்ஷன் எடுக்கும், எடதுல அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும், நீங்க வலதையே பத்தாம விட்டிருக்கீங்க, அதான் எடது ஒவ்வொரு குலுக்கலுக்கும் தளர்ந்து நிப்பிள் (கம்பியை ரிம்ல பிடிக்கற சின்ன நட்டு) தானா கழலுது. எடதை மட்டும் முறுக்குனா ரிம் அந்தப்பக்கம் ஓடிரும், அந்த வேலையே வேண்டாம்.

வலது எல்லாத்துக்கும் அரைச் சுத்து குடுங்க, அப்புறம் ரிம் நடுவுக்கு வர்ற வரைக்கும் எடது. தட்டிப் பாத்தா ஒரே பக்க கம்பி எல்லாம் ஒரே சுருதியில வரணும், எடதையும் வலதையும் ஒப்பிடாதீங்க. அந்த டிங் சத்தம் கம்பி முறுக்கிக்கிட்டு இருந்தது விடுபடறது, அதனால நிப்பிளை வேண்டியதுக்கு மேல கால் சுத்து திருப்பி அதே அளவு பின்னாடி வாங்க, கடைசில ஜோடி ஜோடியா கம்பிய கையில இறுக்கி அமுக்கிட்டு மறுபடி கோட்டம் பாருங்க. நடுவுல இருக்கான்னு பாக்க வீலை எடது வலது மாத்தித் திருப்பி மாட்டுங்க, பிரேக் கட்டை இடைவெளி மாறக்கூடாது.